அப்பாவின் ஸ்கேனும் மாமியின் சக்கப்பழமும்

மக்கா, அப்பாவுக்கு வந்திருப்பது மூலம் இல்லை, மலக்குடலில் கேன்சர், ஆனால் அது எதுவரைக்கும் போயிருக்கிறது என்று உடம்புக்குள் இருக்கிற தண்ணீரின் அசைவை வைத்தே படம் பிடித்துவிட்டார்கள், அந்தப் படத்தை நான் என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்!

ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள் உன் அம்மா. பதமாகச் சொல்ல வேண்டும் என்று திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் வரும்போது முழுக்க யோசித்தேன். முதலில் உன் சுகத்தைக் கேட்டு, இங்கே பெய்கிற சாரலைப் பற்றிச் சொல்லி, அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வரலாம் என்று. நாகர்கோவிலில் இறங்கி பூதப்பாண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அந்த யோசனையெல்லாம் தீர்ந்துபோனது. அவ்வளவு களைப்பு. அப்பா வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் நீ விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்திருக்கிறேன். கண் எரிகிறது. ஆனால் இதை இன்றைக்கு எழுதாவிட்டால் நாளைக்கு மறுபடியும் போனில் உன்னிடம் “அப்பாக்கு மூலம் கொறவா இருக்கு மக்கா” என்று சொல்லிவிடுவேன். வாய் அப்படிப் பழகிவிட்டது.

இதை முதலில் உனக்கு மட்டும்தான் அனுப்புகிறேன். நீ படித்து, ஜெனிஷாவிடம் நீயே பேசி, பேசிவிட்டேன் என்று என்னிடம் சொன்ன பிறகுதான் நம் ஊர் குரூப்பில் போடுவேன். வேறு யாராவது இதை இப்போது படித்துக்கொண்டிருந்தால் நீ உனக்கு நிச்சயித்த பெண்ணிடம் பேசிவிட்டாய் என்று அர்த்தம். குரூப்பில் போட அப்பா சம்மதித்துவிட்டார். இரண்டு மாதமாக வாயைத் திறக்காதவர் ஏன் சம்மதித்தார் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கும்பப்பூ அறுவடையில் ஆரம்பித்தது. உனக்குத் தெரியுமே, மாசி பங்குனியில் அவர் வீட்டுக்கு வருவது தூங்குவதற்கு மட்டும்தான். அறுவடை மெஷினை ஓட்டிக்கொண்டு இன்றைக்குத் தோவாளைப் பக்கம், நாளைக்குச் சுசீந்திரம் பக்கம் என்று வயல் வயலாகப் போய்க்கொண்டிருப்பார். அந்த நாட்களில் வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. துணி துவைக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டேன். மெஷின் சூடு என்றார். மெஷினில் உட்காருகிற எல்லாருக்கும் இது வரும், அறுவடை முடிந்தால் தானாகப் போகும் என்றார். நானும் நம்பினேன். மோரும் சின்ன உள்ளியும் கொடுத்தேன். மூலத்துக்கு மருந்து கொடுக்கிற ஒருவரிடம் போய் லேகியம் வாங்கி வந்தார். அறுவடை முடிந்தது, ரத்தம் நிற்கவில்லை. கக்கூசுக்குப் போய்விட்டு வந்த உடனே மறுபடியும் போக வேண்டும்போல இருக்கிறது என்றார். கன்னம் ஒட்டிப்போனது. நான் பிடிவாதம் பிடித்து நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் விரலை விட்டுப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியதை நான் கவனித்தேன். அப்புறம் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபி, அதில் ஒரு துண்டை எடுத்துச் சோதித்தது, எல்லாம் அடுத்தடுத்து நடந்தது.

உன் நிச்சயதார்த்தத்துக்கு நீ லீவில் வந்தாயே, அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். போட்டோ எடுக்கும்போது நீ அப்பாவைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாய். அவரும் சிரித்தார். அந்தப் போட்டோவை இப்போது எடுத்துப் பார், சிரிப்பு வாயில் மட்டும்தான் இருக்கும்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாய். நம் வீட்டில் நோய்க்குப் பேர் மாற்றுவது ஒரு வழக்கம், நீயும் அதில் வளர்ந்தவன்தான். உன் சித்தப்பாவுக்குக் காசநோய் வந்தபோது அதற்குப் பேர் பழைய சளி. எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது அது இடுப்பு வலி. நீ ப்ளஸ் டூ படிக்கும்போது உனக்கு வந்த மஞ்சள் காமாலையைப் பள்ளிக்கூடத்தில் வைரல் காய்ச்சல் என்று சொன்னோம், ஏன் சொன்னோம் என்று இப்போது யோசித்தால் எனக்கே தெரியவில்லை. சபையில் ஜெபத்துக்குக் கொடுக்கும்போதுகூட சரீர பெலவீனம் என்றுதான் கொடுப்போம். என்ன பெலவீனம் என்று கர்த்தருக்குத் தெரியும், பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாம். அதிலும் வீட்டில் கல்யாணம் பேசிவிட்டால் கேட்கவே வேண்டாம். தாலி ஏறுகிறவரை யாருக்கும் தும்மல்கூட வரக்கூடாது. நாகர்கோவில் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது அப்பா சொன்னது இதுதான்.

“எட்டி, அந்தப் பிள்ளைக்க வீட்ல தெரிஞ்சா குடும்பத்து நோயின்னு சொல்லி விட்டிருவாவ. கல்யாணம் கழியட்டும். அதுவரைக்கும் இது மூலம்தான்.”

சரி என்றேன். வீட்டுக்கு வந்தால் அழுவதற்குக்கூட இடம் இல்லை, லீவில் வந்திருந்த நீ உள் அறையில் ஜெனிஷாவோடு போன் பேசிக்கொண்டிருந்தாய்.

நீ மஸ்கட்டுக்குத் திரும்பிப் போன பிறகு திருவனந்தபுரத்துக்குப் போனோம். அங்கே ஆப்பரேஷன் செய்கிற டாக்டர் ஒரு அம்மா. நம்மோடு தமிழில்தான் பேசினார். ஒரு காகிதத்தில் குழாய் மாதிரி வரைந்தார். கட்டி குழாயின் சுவருக்குள் நிற்கிறதா, சுவரைத் தாண்டி வெளியே இருக்கிற கொழுப்புக்குள் போய்விட்டதா, கீழே வாசலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற தசைக்குள் நுழைந்துவிட்டதா, இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் என்ன செய்வது என்று சொல்ல முடியும் என்றார். சுவருக்குள் இருந்தால் நேராக வெட்டி எடுக்கலாம். வெளியே போயிருந்தால் முதலில் ரேடியேஷன், மருந்து, அப்புறம்தான் கத்தி. தசைக்குள் போயிருந்தால் அந்த வாசலையே மூடிவிட்டு வயிற்றில் ஒரு வழி வைத்து, பை மாட்ட வேண்டிவரும். சாகிற வரைக்கும் அதில்தான் போக வேண்டும்.

அப்பா டாக்டர் முன்னால் தலையை ஆட்டினார். வெளியே வந்து மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“பைய வச்சிட்டு ஒருத்தன் மெஷின்ல ஏறுவானா? நாலுபேருக்க எடைல போயி இருப்பானா? அப்பிடி ஒண்ணு எனக்க ஒடம்புல வேண்டாம். பைன்னு சொன்னா நான் ஆப்பரேசனுக்கு நிக்க மாட்டேன். நீ அவனுக்குக் கல்யாணத்த முடிச்சிரு, அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்.”

நான் சீட்டை நீட்டி மருந்து வாங்கினேன். வாயைத் திறந்தால் அந்த வரிசையிலேயே சண்டை வரும். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கிலிருந்து எனக்கு ஒரே ஒரு கேள்விதான், அந்தக் கட்டி எதுவரை போயிருக்கிறது. அதைப் பொறுத்துத்தான் உன் அப்பா ஆப்பரேஷனுக்குச் சம்மதிப்பாரா, வீட்டில் படுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவாரா என்பது. முதலில் சாதாரண எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதில் கட்டியின் ஓரம் பஞ்சு மாதிரி கலங்கித் தெரிந்தது. கட்டியே சுவரைத் தாண்டி வெளியே கை நீட்டியிருந்தாலும் அப்படித் தெரியும், கட்டிக்கு எதிராகச் சுற்றியிருக்கிற சதை தடித்துப்போயிருந்தாலும் அப்படித் தெரியுமாம். இரண்டுக்கும் வித்தியாசம் அந்தப் படத்தில் தெரியாது, டிஃப்யூஷன் என்று ஒரு முறையில், அதிலும் புதிதாக வந்திருக்கிற விதத்தில் எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள்.

இங்கேதான் உன் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்தது. என்னைத் தெரியும் இல்லையா, ஒன்றைப் பிடித்தால் அடுப்பில் பால் பொங்கி ஊற்றினாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். ப்ளஸ் டூவோடு நின்று, பத்தொன்பது வயதில் கல்யாணமாகி, நீ பிறந்து, உன்னோடு சேர்ந்தே வளர்ந்தவள். உன் ரூம்மேட் வீடியோ காலில் என்னை உன் அக்கா என்று நினைத்தானே. சிலருக்கு நடிகரைப் பிடிக்கும், சிலருக்குக் கிரிக்கெட். எனக்கு இந்த ஒன்றரை மாதமாக டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. எந்த நாட்டுக்காரரோ பாடம் நடத்துவார், கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துப் படித்து, புரியாத சொல்லைத் தேடித் தேடி, ஒரே வீடியோவை நிறுத்தி நிறுத்தி மறுபடியும் மறுபடியும் பார்ப்பேன். வெளிநாட்டில் எங்கேயோ இருக்கிற ரேடியாலஜி மாணவர்கள் கேள்வி கேட்கிற குரூப்பில் நானும் சேர்ந்து கேள்வி கேட்டேன். எந்தக் காலேஜ் என்று ஒருத்தி கேட்டாள். பதில் போடாமல் விட்டுவிட்டேன்.

உனக்கும் சொல்கிறேன், கேள். உடம்புக்குள் இருக்கிற தண்ணீர் சும்மா கிடப்பதில்லை. அதன் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். செல்கள் தளர்வாக இருக்கிற இடத்தில் தாராளமாக ஓடும். கேன்சர் கட்டியில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் தண்ணீருக்கு நடக்க இடம் இருக்காது. ஓணத்துக்கு முந்தின நாள் காலையில் தோவாளைப் பூச்சந்தைக்குள் போனால் எப்படி இருக்கும்? காலை எடுத்து வைக்க முடியாது. வெளியே ரோட்டுக்கு வந்துவிட்டால் கையை வீசி நடக்கலாம். மேலே நின்று கேமராவின் கண்ணைக் கொஞ்ச நேரம் மூடாமல் வைத்து ஒரு போட்டோ எடுத்தால் நடக்கிறவர்கள் எல்லாம் கலங்கி மறைந்துபோவார்கள், நகர முடியாமல் நிற்கிறவர்கள் மட்டும் பளிச்சென்று விழுவார்கள். அதுதான் டிஃப்யூஷன். புதிய விதத்தில் மெஷினின் வலுவைக் கூட்டிக் கூட்டிப் பல தடவை எடுக்கிறார்கள். ரத்தக்குழாயில் ஓடுவது எது, செல்களுக்கு நடுவே முட்டி முட்டி நிற்பது எது என்று கணக்குப் போட்டுப் பிரிக்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்து, கட்டி சுவரைத் தாண்டியிருக்கிறதா என்று கத்தி வைப்பதற்கு முன்பே ஊகிக்கப் பார்க்கிறார்கள். ஊகம்தான் மக்கா. அந்த வார்த்தையை எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள், வரப்பு நனைந்து ஊறியிருக்கிறதா, உடைந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விட்டதா என்று பார்க்கிற மாதிரி என்று சொன்னேன்.

“வரப்பு ஒடஞ்சிருக்கான்னு பாக்க ஒரு மெஷினா? நான் கால வச்சே சொல்லிருவனே.”

“ஒங்க வயித்துக்குள்ள யாரு வந்து கால வைக்கது?”

சிரித்தார். நோய் வந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நான் ஏமாந்தேன். இந்தப் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும், உண்டா இல்லையா என்று ஒரே பேச்சில் தெரிந்துவிடும் என்று அவரையும் நம்ப வைத்துவிட்டேன்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் வாயு உண்டாக்குகிற எதையும் சாப்பிடக் கூடாது என்று எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள். குடலுக்குள் காற்று நின்றால் இந்த வகைப் படம் அந்த இடத்தில் இழுபட்டுக் கெட்டுப்போகும். நான் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போனேன். போன நேரத்தில் உன் பெரிய மாமி, அப்பாவின் அக்கா, குலசேகரத்திலிருந்து வந்துவிட்டாள். தம்பிக்கு மூலம் என்று கேள்விப்பட்டு, மூலத்துக்கு நல்லது என்று கருணைக்கிழங்கை மசித்துக் கறி வைத்து ஒரு தூக்குவாளியில். தம்பிக்குப் பிடிக்கும் என்று வீட்டுப் பலாமரத்துச் சக்கப்பழம் ஒரு பை நிறைய. நான் திரும்பி வரும்போது மாமி போய்விட்டாள். வீடு முழுக்கச் சக்கப்பழ மணம். நீங்கள் தின்றீர்களா என்று கேட்டேன். அக்காவே தின்றுவிட்டுப் போனாள் என்றார்.

மறுநாள் எனிமா கொடுத்து, உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அந்த பெஞ்சில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள், எல்லாருக்கும் ஒரே முகம். நெடுநேரம் கழித்து ரேடியாலஜி டாக்டர், சின்ன வயசுக்காரர், எங்களை உள்ளே கூப்பிட்டார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கஞ்சி என்றார் அப்பா. கஞ்சி மட்டும்தானா என்றார். அப்பா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கொஞ்சம் சக்கப்பழம் என்றார்.

“சக்கயோ?” டாக்டருக்குத் தமிழ் மறந்துபோய் மலையாளம் வந்துவிட்டது. “எத்தற சுள?”

எத்தனை சுளை என்று எண்ணவில்லை என்றார் அப்பா. டாக்டர் கோபப்படவில்லை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களுக்குப் படத்தைக் காட்டினார். சரியாகக் கட்டி இருக்கிற இடத்தில் ஒரு கறுப்புக் குழி, அதைச் சுற்றி எல்லாம் வளைந்து நெளிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் கட்டி இவ்வளவு பெரிதாகி எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று நினைத்து நான் அங்கேயே அழுதுவிட்டேன். இவ்வளவு வீடியோ பார்த்துப் படித்த படிப்பு அவ்வளவுதான் மக்கா. அது கட்டி இல்லை, காற்று. டாக்டர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, இது சக்கப்பழத்தின் படம், உங்கள் வீட்டுக்காரருடைய படத்தை அடுத்த வாரம் எடுப்போம் என்று சொல்லி அனுப்பினார்.

ரயிலில் திரும்பினோம். பாறசாலை தாண்டிய பிறகு அவரே பேசினார். அக்கா உரித்து உரித்துக் கையில் வைத்தாளாம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஸ்கேன் என்று சொல்ல வேண்டிவரும், எதற்கு ஸ்கேன் என்று கேட்பாள், மூலத்துக்கு யாராவது ஸ்கேன் எடுப்பார்களா? ஒரு பொய்யைக் காப்பாற்ற அந்த மனுஷன் தன் உயிரின் கதியைச் சொல்லப்போகிற படத்தையே தின்று கெடுத்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. அலுத்துவிட்டது. மறைப்பதற்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. யாரிடம் என்ன பேர் சொன்னோம் என்று ஞாபகம் வைக்க வேண்டும், ஆஸ்பத்திரிப் பையைத் துணிக்கடைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோக வேண்டும், வழியில் பார்த்தவர்களிடம் கல்யாண ஜவுளி பார்க்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். நான் மாமியிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ராத்திரி போனில் சொன்னேன், மறுநாள் காலையிலேயே மாமி வந்து இறங்கினாள். அப்பாவின் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏலே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தியனா அந்தச் சக்கைய நானே தின்னு தீத்திருப்பனே.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமி சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றைக்கு அவள் இங்கே தங்கியவள்தான், இன்னும் போகவில்லை. ஸ்கேனுக்கு முந்தின நாள் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அரிசிக் கஞ்சியைத் தவிர ஒரு துண்டு பழம் உள்ளே போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்த பயற்றுப் பாயசத்தையும் வாசலிலேயே வாங்கி மாமியே குடித்துத் தீர்த்தாள்.

இந்தத் தடவை படம் தெளிவாக விழுந்தது. இன்றைக்குக் காலையில் டாக்டர் அம்மாவும் அந்தச் சின்ன டாக்டரும் சேர்ந்து எங்களுக்குக் காட்டினார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு குறுக்குவெட்டு, நடுவில் பிறை மாதிரி ஒரு வெளிச்சம். அதுதான் தண்ணீர் நடக்க முடியாமல் நிற்கிற இடம். இவ்வளவு நாள் வேறு யாருடைய படத்திலோ பார்த்ததை அப்பாவின் படத்தில் பார்க்கிறேன். கலங்கித் தெரிந்த ஓரத்தில் பெரும்பகுதி வெறும் தடிப்பு என்றுதான் தோன்றுகிறதாம். ஆனால் ஒரு இடத்தில் அந்த வெளிச்சம் சுவரைத் தாண்டி மெல்லிசாக வெளியே நீண்டிருக்கிறது. அங்கே கட்டி வெளியே போயிருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். அதற்கும் வெளியே இருக்கிற உறை சுத்தமாக இருக்கிறது, அது நல்ல செய்தி. சரி, கீழே அந்தத் தசை? நான்தான் கேட்டேன். கட்டி அதை ஒட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே போனதாகத் தெரியவில்லை, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். ரேடியேஷனும் மருந்தும் கொடுத்து, கட்டி சுருங்குகிறதா என்று மறுபடியும் இதே மாதிரி படம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். எப்படி இருந்தாலும் ஆப்பரேஷன் முடிந்து சில மாதத்துக்குப் பை உண்டு. அதற்குப் பிறகும் இருக்குமா, எடுத்துவிடலாமா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நான் அப்பாவைப் பார்க்கவே பயந்தேன். படம் சொல்லிவிடும், படம் சொல்லிவிடும் என்று இவ்வளவு நாள் ஓதிக்கொண்டிருந்தவள் நான்தானே. அவர் மேஜை மேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். டாக்டர் அம்மா அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். என்ன யோசிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

“மகனுக்குக் கல்யாணம், புது வருசம் பொறந்த ஒடனே. சபைல வேட்டி கெட்டிட்டுத்தான் நிக்கணும்.” அப்பா வயிற்றில் ஒரு பக்கம் கையை வைத்தார். “வேட்டிய பைக்கு மேல கெட்டணுமா, கீழ கெட்டணுமா?”

எனக்கு ஒரு நிமிஷம் என்ன கேட்டார் என்றே புரியவில்லை. புரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். டாக்டர் அம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் உண்மையைச் சொன்னார். ஆப்பரேஷனுக்கு முன்னால் ஒரு நர்ஸ் வந்து, நீங்கள் உட்கார்ந்தால், குனிந்தால் வயிறு எங்கே மடிகிறது என்று பார்த்துத்தான் பேனாவால் இடத்தைக் குறிப்பார், அன்றைக்கு நீங்கள் எப்போதும் கட்டுகிற மாதிரி வேட்டி கட்டிக்கொண்டே வாருங்கள், அதைப் பார்த்துக் குறிப்போம். ஆனால் முழு நாளும் வேட்டியோடு நிற்கிறவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று தனக்குத் தெரியாது, அதைப் பை வைத்துக்கொண்டு வேட்டி கட்டுகிற ஒருவரிடம் கேட்பதுதான் சரி என்றார். அப்பா யோசித்துத் தலையை ஆட்டினார். ரேடியேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்.

ரயிலில் நான் இதை எழுதப்போகிறேன், குரூப்பில் போடலாமா என்று கேட்டேன். நெய்யாற்றின்கரை வந்ததும்தான் சொன்னார்.

“போடு. வேட்டி கெட்டுகவன் எவனாவது இருப்பாம்லா.”

மக்கா, அப்பா பேசிவிட்டார், இனி உன் முறை. இன்றைக்கே ஜெனிஷாவைக் கூப்பிட்டு நீயே சொல்லு. பேர் மாற்றாமல் சொல்லு. கேன்சர், மலக்குடலில், இரண்டு வார்த்தைதான். அவள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொன்னால் வலிக்கும், ஆனால் தெரிந்து சொல்லட்டும். தெரியாமல் வருகிற மருமகளிடம் ஒவ்வொரு நாளும் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சரி என்று சொன்னால், கல்யாணம் ஆன பிறகு ஒருவருக்கொருவர் உடம்பைப் பற்றி வெட்கப்படாமல் பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க நான் கேட்பது அது மட்டும்தான். அப்புறம், பெற்றவருக்கு வந்தால் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் அம்மா சொன்னார். உனக்கு இப்போது அவசரமில்லை, நாற்பது வயது ஆகும்போது கட்டாயம் கொலனோஸ்கோபி செய்ய வேண்டும், அதற்கு முன்பே ரத்தம் பார்த்தால் அன்றைக்கே போக வேண்டும். அங்கே வெயில், உட்கார்ந்து வேலை, சூடு என்று எதையாவது காரணம் சொல்லிக்கொண்டு இருக்காதே. டிக்கெட் போட்டு ஓடி வரவும் வேண்டாம். இருக்கிற லீவைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள். இங்கே மாமி இருக்கிறாள், நான் இருக்கிறேன். களைப்பு உண்டு, ஆனால் இருக்கிறேன்.

இனி குரூப்பில் படிக்கிறவர்களுக்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தம் போனால், மூலம் என்று நீங்களே பேர் வைக்காமல் ஒரு டாக்டரை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெஷின் ஓட்டுகிறவர்கள், டிரைவர்கள், கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிற குரூப்புகளுக்கெல்லாம் இதை அனுப்புங்கள். அப்புறம் ஒரு உதவி. வயிற்றில் பை வைத்துக்கொண்டு வேட்டி கட்டுகிற யாராவது இதைப் பார்த்தால், அல்லது உங்கள் அப்பாவோ மாமாவோ அண்ணனோ அப்படி இருந்தால், தயவுசெய்து கீழே எழுதுங்கள். பேர் போட வேண்டாம், ஊர் போட வேண்டாம். ஒரு கல்யாண வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும், நான்கு பேரைக் கட்டிப்பிடிக்க வேண்டும், பந்தியில் சம்மணம் போட்டு உட்கார வேண்டிவந்தாலும் வரும். மேலே கட்டுகிறீர்களா, கீழே கட்டுகிறீர்களா? அவர் தூங்கி எழுந்ததும் கேட்பார்.